கழி வற்றும் நேரம்

அத்தியாயம் பதினேழு

மணநாள் குறித்தாகிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை, பிற்பகல் தொழுகை முடிந்ததும், ஹம்தாவின் வீட்டில் காஜியின் முன்னிலையில் சுஹைலும் ஷம்ஸாவும் கணவன் மனைவி ஆவார்கள். சேதி சொல்லும் பேரீச்சம்பழத் தட்டுகள் உறவினர் வீடுதோறும் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஊருக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. ஹம்தாவின் மகளுக்குத் தன் மகனைக் கொடுக்க வதீமா ஒருபோதும் இசையமாட்டாள் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவளோ தானே படியேறிப் போய்ப் பெண் கேட்டாள். ஹம்தா கண்ணீரோடு அவளைத் தழுவிக்கொண்டாள். தழுவியவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வதீமாவின் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கியபடியே இருந்தன.

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் வதீமாவுக்குப் பத்தொன்பது வயது. ஹம்தாவின் தம்பி உபைதுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஹம்தா வேதத்தின் மேல் கைவைத்து ஒரு சொல் சொன்னாள். வதீமா பிறந்தபோது அவள் தாய் காய்ச்சலில் கிடந்தாள். அந்த நாட்களில் ஹம்தாவின் தாயே குழந்தைக்குப் பாலூட்டினாள். ஏழு வயதுச் சிறுமியாக அதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். ஒரே மார்பில் பாலுண்டவர்கள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் மணம் ஆகாது. இல்லையென்று சொல்ல இரண்டு தாய்மாரும் உயிரோடு இல்லை. காஜி தம் பேனாவை மூடி வைத்தார். நான்காம் மாதம் ஹம்தாவின் நாத்தனாரை உபைது மணந்தான். ஹம்தா புகுந்த வீட்டில் தன் கால்களை ஊன்றிக்கொண்டாள்.

வதீமாவும் பின்னர் மணந்தாள், பெற்றாள், கணவனையும் இழந்தாள். ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. பாலுடன்பிறந்தான் முன் பெண் தலையை மறைக்க வேண்டியதில்லை. திறந்த முகத்தோடு ஒரே தட்டில் உண்ணலாம். வதீமாவோ உபைது வரும் ஓசை கேட்டாலே முகத்திரையை இழுத்து மூடிக்கொள்வாள். முப்பத்தோரு ஆண்டாக, விருந்திலும் இழவிலும், அவள் கூறிவந்த மறுப்பு அந்தக் கறுப்புத் துணி ஒன்றுதான்.

இனி, செவ்வாய்க்கிழமை.

உம் அல் குவைனின் கழியைப் பார்க்க இரு குடும்பமும் சேர்ந்து போகலாம் என்று சொன்னவள் வதீமாதான். நாளைத் தேர்ந்தவளும் அவளே. அமாவாசைக்கு அடுத்த நாள்.

படகுத்துறைக்கு ஹம்தா வெண்ணிறக் காலணியும் அகில் மணமுமாக வந்து இறங்கினாள்.

“உம் சுஹைல்! கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு சேத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கியே. இந்த ஷூ போன வாரம்தான் வாங்கினது, தெரியுமா?” மகன் பெயரால் தாயை அழைப்பது அங்குள்ள மரியாதை. ஹம்தா அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

“சேறு விலையைக் கேக்காது, ஹம்தா. காலை மட்டும்தான் பிடிக்கும்” என்றாள் வதீமா. ஏழு வயது மூத்தவளை அக்கா என்று அழைக்க அவள் நா எழுந்ததில்லை.

ஷம்ஸா சிரித்துவிட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மனத்தில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாத பெண். அடுத்த படகில் தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த சுஹைல் குரல் கொடுத்தான்.

“உம்மா, சோத்துப் பானை உங்க படகுல இருக்கு. மணல்திட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள காலி பண்ணிடாதீங்க!”

“உன் மாமியாரை நம்ப முடியாதுடா, நீ முன்னாடி போ.”

அப்போது உபைது படகுத்துறைக்கு வந்தான். ஐம்பத்து நான்கு வயது, நரைத்த தாடி, தாழ்ந்த பார்வை. வதீமா இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்றான். அவன் வழக்கம் அது. வதீமா திரையை இறக்கினாள். அவள் வழக்கம் இது.

“இன்னுமா இந்த நாடகம்?” என்று ஹம்தா எல்லோரும் கேட்கச் சொன்னாள். “கூடப் பால் குடிச்ச அண்ணன் முன்னாடி எதுக்குடி திரை? கல்யாண வீட்டுக்கும் இப்படியே வரப் போறியா?”

 வதீமா விசையை இழுத்தாள். படகு உறுமிக்கொண்டு கிளம்பியது.

அந்தக் கரையில் பாலையும் நெய்தலும் கைகோத்து நிற்கும். முதுகுப்புறம் நெருஞ்சிகூட முளைக்காத மணல்மேடு; முன்புறம் பச்சைக் கண்டல் காடு, அதன் கால்களுக்கிடையே நீலக் கழி. கண்டல் உப்பைக் குடித்து உயிர்வாழும் மரம். குடித்த உப்பை இலையின்மேல் பொடியாய்க் கசிந்துவிடும். நெய்தலுக்கு இரங்கலை உரிமையாக்கிய நம் முன்னோர் வதீமாவைக் கண்டிருந்தால், இரங்கலுக்குப் பக்கத்தில் சினத்தையும் வைத்திருப்பார்கள்.

வதீமா இந்தக் கழியில் வளர்ந்தவள். தந்தையோடு மீன்கூடு வைக்கப் போனவள். எந்தக் கிளைவாய் எந்த நாழிகையில் வற்றும் என்பது அவளுக்குத் தன் வீட்டு அறைகளைப் போலத் தெரியும்.

ஆண்கள் சென்ற படகு அகன்ற கால்வாயில் நேரே போயிற்று. வதீமா இடப்பக்கம் திருப்பி, குறுகிய ஒரு கிளைக்குள் நுழைந்தாள்.

“அவங்க நேரா போறாங்களே, மாமி?”

“இது குறுக்கு வழி, கண்ணு.”

மரங்கள் இருபுறமும் நெருங்கின. நீரின் நிறம் பச்சையிலிருந்து பழுப்பாயிற்று. அடித்தட்டு ஒருமுறை உரசியது, மறுமுறை உரசியது, பிறகு நின்றே விட்டது. வதீமா பொறியை அணைத்தாள். சுற்றிலும் இருந்த நீர் யாரோ அழைத்ததுபோல் கடலை நோக்கி ஓடிற்று. சேற்றிலிருந்து ஆயிரம் மூச்சுவேர்கள் விரல்களாய் நிமிர்ந்தன. சிவப்பு நண்டுகள் வெளியே வந்து இவர்களைப் பார்த்தன.

“தண்ணி எங்க போகுது?” என்றாள் ஷம்ஸா.

“கடலுக்கு. ரெண்டு மணிக்கு மேலதான் திரும்பும்.”

ஷம்ஸா கைபேசியில் சுஹைலை அழைத்தாள். அவன் சிரித்த சிரிப்பு படகு முழுவதும் கேட்டது.

“எங்க உம்மாவா? படகைச் சேத்துல ஏத்தினது எங்க உம்மாவா? இதை ஊரெல்லாம் சொல்லுவேன்! பயப்படாதே, உபைது மாமாவோட படகு தட்டையானது. தண்ணி முழங்கால் ஏறினதும் வந்து கயிறு கட்டி இழுத்துடறோம். அதுவரைக்கும் சோத்துல கை வைக்காதீங்க!”

கைபேசி அடங்கியது. ஹம்தா சிரிக்கவில்லை. வதீமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ இந்தக் கழியில பொறந்தவ. வத்தற நேரம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“இறங்கி ஓட முடியாத இடம் வேணும்னு நினைச்சேன்.” வதீமா திரையைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, குடுவையிலிருந்து சிறு கிண்ணத்தில் காப்பி ஊற்றி ஹம்தாவிடம் நீட்டினாள். “குடி. நாலு மணி நேரம் இருக்கு.”

ஹம்தா படகின் விளிம்புக்கு வெளியே ஒரு காலை நீட்டிப் பார்த்தாள். சேறு முழங்காலை விழுங்கி, வெண்ணிறக் காலணியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெறுங்காலைத் திருப்பிக் கொடுத்தது.

“உம்மா!” ஷம்ஸா தாயின் கையைப் பிடித்தாள். “மாமி, என்ன இது? என்ன பேசறீங்க?”

“உன் உம்மா என் கல்யாணத்தை எப்படி நிறுத்தினாங்கன்னு உனக்குத் தெரியும்ல?”

“பால்... ஒரே பால் குடிச்சதனாலன்னு...”

“அது பொய். அதை உன் முன்னாடி சொல்லணும் அவங்க. சொல்லிட்டா, வெள்ளிக்கிழமை காஜி முன்னாடியும் சொல்லணும். அதுக்கப்புறம் உன் கல்யாணம் சிறப்பா நடக்கும்.”

“சொல்லலைன்னா?” ஹம்தாவின் குரலில் பழைய திமிர் இருந்தது.

வதீமா தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தீட்டிவைத்த கத்தியை அப்போதுதான் உறையிலிருந்து உருவினாள்.

“இவ பொறந்தப்ப நீ உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தே. மூணு நாள் இவ என் வீட்டுல இருந்தா. அப்ப என் கைக்குழந்தைக்கு நாலு மாசம். என் மார்புல பால் இருந்துச்சு.”

ஹம்தாவின் முகம் வெளுத்தது. “டப்பாப் பால் கொடுத்தேன்னு சொன்னியே!”

“சொன்னேன். யார் பார்த்தா? வெள்ளிக்கிழமை காஜி பேனாவை எடுக்கறப்ப நான் எழுந்து நிப்பேன். ‘இந்தப் பொண்ணுக்குப் பால் கொடுத்தேன், இவ என் மகனுக்குத் தங்கச்சி’ன்னு சொல்லுவேன். சந்தேகம் வந்தா போதும், அவர் பேனாவை மூடிடுவார். இது நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், ஹம்தா.”

அந்த மூன்று நாட்களும் வதீமா அக்குழந்தைக்குக் கொடுத்தது மாவுப்பால்தான். அழும் சிசுவை மார்போடு அணைக்கக் கை எழுந்த ஒவ்வொரு வேளையும், ஹம்தாவின் இரத்தம் என்று எண்ணிக் கையை இறக்கியிருக்கிறாள். அதை அறிந்தவர் இறைவனும் அவளுமே.

“சுஹைல் உன் மகன்” என்றாள் ஹம்தா. “அவன் மனசை உடைப்பியா?”

“என் மனசை உடைச்சப்ப உபைது உனக்கு யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?”

ஷம்ஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. இருவரில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

“நான் பார்த்தேன்” என்றாள் ஹம்தா. “என் கண்ணால பார்த்தேன். வேதத்து மேல கை வச்சுச் சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்லுவேன்.”

 பகல் ஏறிற்று. மூடியைத் திறவாமலே சோறு ஆறிற்று. படகிலேயே அமர்ந்து மூவரும் நண்பகல் தொழுகையை முடித்தனர். மூவரும் எதை வேண்டினார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மணி கடந்தபோது வேர்களுக்கிடையே நூலிழை போல் நீர் திரும்பிற்று. நண்டுகள் வளைக்குள் போயின. தொலைவில், காட்டுக்கு அப்பால், ஒரு பொறியின் ஓசை எழுந்தது.

வதீமா செவிகொடுத்தாள். அந்த ஓசையை அவள் அறிவாள். அது கேட்கும்போதெல்லாம் அவள் கை திரைக்குப் போகும். இன்றும் கை எழுந்தது. ஆனால் இழுத்து மூடவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தலைத்துணியை உருவி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நரையோடிய கூந்தல் கழிக்காற்றில் அவிழ்ந்தது.

“என்ன பண்றே?” ஹம்தா நிமிர்ந்தாள்.

“உன் தம்பி வர்றான். அவன் எனக்கு அண்ணன்னு நீ வேதத்து மேல சொல்லியிருக்கே. அண்ணன் முன்னாடி எதுக்குத் திரைன்னு முப்பத்தோரு வருஷமா கேக்கறே. சரி, எடுத்துட்டேன். பார்க்கட்டும்.”

“மாமி, வேண்டாம்...”

“நீ சும்மா இரு, கண்ணு. நான் மறைச்சா பாவம் இல்ல, மறைக்கலைன்னாலும் பாவம் இல்ல. உன் உம்மா சத்தியம் பண்ணியிருக்காங்க. பாவம்னு ஒண்ணு இருந்தா அது யார் கணக்குல ஏறும்னு அவங்களுக்குத் தெரியும்.”

ஓசை நெருங்கியது. ஹம்தா அவள் மடியைக் காட்டினாள். “துணியைப் போடு.”

“ஏன்?”

“சொல்றேன்ல, போடு.”

“ஏன்னு சொல்லு, போடறேன்.”

மரங்களுக்கிடையே நீலப் படகின் முனை தெரிந்தது. முனையில் சுஹைல் கயிற்றோடு நின்றான். பின்னால் சுக்கான் பிடித்தபடி உபைது. அவன் தலை இன்னும் கவிழ்ந்தே இருந்தது. இன்னும் ஒரு திருப்பம். தலை நிமிர்ந்தால் போதும்.

வதீமா அசையவில்லை. கண் இமைக்கவில்லை. எந்த அந்நியரும் காணாத தன் தலையை நிமிர்த்தி, வருகிற படகின் திசையில் முகத்தை வைத்திருந்தாள். 

ஹம்தாவால் முடியவில்லை. சோற்றுப் பானைக்கு அடியிலிருந்த விரிப்பை ஒரே இழுப்பாய் இழுத்தாள். பானை உருண்டது, மீனும் சோறும் படகெங்கும் சிதறின. விரிப்பை இரு கைகளாலும் அகல விரித்து, வதீமாவுக்கும் அந்தப் படகுக்கும் நடுவே தன் உடம்பையே சுவராக்கி நின்றாள்.

“திரும்பு, உபைது! இந்தப் பக்கம் பார்க்காதே!” என்று அலறினாள். வதீமாவைக் குனிந்து பார்த்தும் அலறினாள். “பைத்தியக்காரி! அந்நிய ஆம்பளை முன்னாடி தலையைத் திறந்து வச்சுக்கிட்டு...”

சொல் பாதியில் நின்றது.

கழியில் ஓசை வெகுதூரம் போகும். உபைது பொறியை அணைத்தான். 

“உம்மா” என்றாள் ஷம்ஸா மெல்ல. “மாமா இவங்களுக்கு அந்நியமா?”

ஹம்தா விரிப்பை இறக்கவில்லை. அதன் பின்னால் வதீமா அவசரமின்றித் தலைத்துணியைச் சுற்றினாள், ஊசிகளைக் குத்தினாள், கடைசியில் முகத்திரையை இறக்கினாள். இத்தனை ஆண்டுகளில் அந்தத் துணி இவ்வளவு இலேசாக இருந்ததில்லை.

“விரிப்பை இறக்கு, ஹம்தா. மூடிட்டேன்.”

நீலப் படகில் உபைது முதுகைக் காட்டி நின்றிருந்தான். அந்த முதுகு பேசிற்று.

“ஹம்தா. என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”



“வெள்ளிக்கிழமை சொல்லுவாங்க” என்றாள் வதீமா. அவனை நோக்கி அவள் பேசிய முதல் சொல் அது. “காஜி முன்னாடி, ஊர் முன்னாடி. பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. அப்புறம்தான் என் மகன் கையெழுத்துப் போடுவான்.”

சுஹைலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன உம்மா நடக்குது? சரி, எல்லாரும் உக்காருங்க, கயிறை வீசறேன். தண்ணி ஏறுது.”

கயிற்றைச் சுழற்றக் கையைத் தூக்கினான்.

ஹம்தா விரிப்பைக் கீழே போட்டாள். சிதறிய சோற்றின் நடுவே, ஒரு காலில் காலணியும் மறுகாலில் சேறுமாக நின்றவள், மெல்ல நிமிர்ந்தாள். ஊர் முன்னால் நிற்கப்போகும் அந்த வெள்ளிக்கிழமையை அவள் ஒரு கணம் பார்த்துவிட்டாள் போலும். அதிலிருந்து வெளியேறும் வாயிலையும் பார்த்துவிட்டாள். அதைத் திறந்து காட்டியவள் எதிரில் திரையோடு அமர்ந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை ஒண்ணும் நடக்காது, சுஹைல்” என்றாள். குரல் தெளிவாக இருந்தது. “கயிறை வச்சுக்கோ. இவ உனக்குத் தங்கச்சி.”

“என்ன?”

“இவ பொறந்தப்ப மூணு நாள் உன் உம்மா இவளுக்குப் பால் கொடுத்தா. நாலாம் நாள் நான் வந்தப்பவும் மார்போட வச்சிருந்தா. என் கண்ணால பார்த்தேன்.”

“பொய்!” வதீமா எழுந்தாள். படகு ஆடியது. “பொய் சொல்றா! நான் கொடுத்தது மாவுப்பால்!”

சுஹைல் தாயைப் பார்க்கவில்லை. ஷம்ஸாவைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவள் அவள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஷம்ஸா அவனை நோக்கித் திரும்பினாள். வதீமா திரைக்குள்ளிருந்து அவளையே பார்த்தாள். முப்பத்தோரு ஆண்டில் முதன்முறையாக அந்தக் கண்கள் கெஞ்சின.

“உங்க உம்மாவும் சொன்னாங்க, சுஹைல்” என்றாள் ஷம்ஸா. “காலையில. இதே படகுல. மார்புல பால் இருந்துச்சுன்னு, நீங்க எனக்கு அண்ணன்னு வெள்ளிக்கிழமை சொல்லப் போறதா. ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றாங்க, எப்ப பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியல.”

“உன் உம்மாவைப் பயமுறுத்தறதுக்காகச் சொன்னேன்மா!” வதீமாவின் குரல் உடைந்தது. “வல்லாஹி, சத்தியமா பயமுறுத்தத்தான்...”

அவளுக்கே அது கேட்டது. பொய்யென்று தெரிந்தும் சொன்னேன் என்று சொல்லும் ஒருத்தியின் சத்தியத்தை எந்தக் காஜி ஏற்பார்?

சுஹைலின் கை தாழ்ந்தது. கயிற்றுச் சுருள் விரலிலிருந்து நழுவி நீரில் விழுந்து, இரண்டு படகுகளுக்கும் நடுவே ஒருமுறை மிதந்து, பழுப்பு நீரில் அமிழ்ந்தது.

கழி நிறைந்துகொண்டிருந்தது. சேற்றைவிட்டு வதீமாவின் படகு தானே எழும்பி, கட்டுவாரின்றி, மெல்லத் திரும்பியது. அவளுக்கு நேரே ஹம்தா ஒற்றைக் காலணியோடு அமர்ந்து, சிதறிய சோற்றைக் கையால் கூட்டத் தொடங்கியிருந்தாள்.